கழட்டின தாலி

கிரிவலப் பௌர்ணமி நெரிசலில் பஸ் ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நின்றுவிட்டது. முன் சீட்டில், மடியில் ஸ்கேன் கவரோடு இருந்த பெண் கணவரிடம் வெடித்தாள்.

"ஸ்கேனுக்குத் தாலியக் கழட்டினதாலதான் மூளையில கட்டி வந்துச்சாம்! உங்க அம்மா சொல்றாங்க, நீங்களும் தலையாட்டறீங்க."

"மஞ்சக் கயித்துல மாத்திக்கினு போயிருக்கலாம் இல்ல?"

"கண்ணாடி மாத்தத்தான் கண் முகாமுக்குப் போனேன். கண்ணுக்குள்ள நரம்பு வீங்கியிருக்கு, உடனே தலைய ஸ்கேன் பண்ணுங்கன்னாரு டாக்டர். கயிறு தேடிக்கினு இருப்பனா? அன்னிக்குக் கழட்டலன்னா கட்டி இருக்கறதே தெரிஞ்சிருக்காது."

அவள் ஸ்கேன் கவரை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"ஆபரேஷனுக்கும் கழட்டச் சொல்வாங்க. இந்த வாட்டி நீங்களே கழட்டிக் கையில வச்சிருங்க. நான் கண்ணு முழிச்சதும் நீங்களே கட்டுங்க. உங்க அம்மாவ அட்சதை எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."