மிச்சம் இறங்கேக்க

ஆயிரத்து நூற்றெண்பத்தேழு டொலர் ஐம்பது சதம். அன்புராசா றெமிஜியஸுக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு அது. றெமிஜியஸுக்கு வரிக் காசு திரும்பி வந்த நாளில், கரவன் வாங்கக் காசு குறைகிறது என்று நின்ற அன்புராசாவின் கையில் அப்படியே எடுத்து வைத்தார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. மனைவி பேர்ணடெற்றுக்குக்கூடச் சொல்லவில்லை. சித்திரையில் நெஞ்சு நோவென்று குந்திய றெமிஜியஸ் எழும்பவே இல்லை. செத்த வீட்டில் அன்புராசா கதிரை அடுக்கினார், தேத்தண்ணி கொடுத்தார். காசைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அன்புராசா வேறு யாரும் இல்லை, நம்மோடு பெட்டி அடுக்குகிற வேரோனிக்காவின் தமையன். இன்றைக்கு அவ லீவு, அதனால் சொல்லலாம். வேலைக்குத் திரும்ப இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது... கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வாருங்கள்.

புரட்டாதிக் கடைசி. பகல் ஒன்றே கால். ரொறன்ரோவிலிருந்து வடக்கே கனதூரம், ஹெர்ஸ்ற் என்ற சின்ன ஊரிலிருந்து லோங்லக் என்ற இன்னொரு சின்ன ஊருக்குப் போகிற பதினோராம் நம்பர் பாதை. இருநூறு கிலோமீற்றருக்கு ஒரு வீடு இல்லை. ஃபோனில் சிக்னல் ஒரு கோடு இல்லை. இரண்டு பக்கமும் கறுத்த மரம்... அதே மரம், திரும்பத் திரும்ப.

பழைய வான் வண்டியில் அன்புராசாவும் மனைவி அன்ரனெற்றும். பின்னால் கொழுவியிருந்தது கரவன், சக்கரம் வைத்த சின்ன வீடு. அதை விற்கத்தான் போகிறார்கள். அன்புராசாவுக்கு இடுப்பு நோவால் வேலை போய் நாலு மாதம், வாடகை இரண்டு மாதம் பாக்கி நிற்கிறது. லோங்லக்கில் ஒருவன் நாலாயிரத்து இருநூறு தருகிறேன் என்றான். ஆனால் ஐந்து மணிக்கு வேட்டைக்குக் காட்டுக்குள் போய்விடுவான். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

காலையில், இரவு தங்கிய கொக்ரேனை விட்டுக் கிளம்பியதிலிருந்து எல்லாமே கோணல். மழை. மடியில் கொட்டிய கோப்பி. கபஸ்கேசிங் தாண்டியதும், பின்னாலிருந்து ஒரு சத்தம்...

டங்.

அன்புராசாவின் கால் தானாக பிறேக்கில் விழுந்தது.

ஊரில் அவர் பஸ் ஓடியவர், யாழ்ப்பாணம் – பருத்தித்துறை. றெமிஜியஸ்தான் கொண்டக்ரர். சில்லறைக் காசால் கம்பியில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. இரண்டு தட்டு விழாமல் அன்புராசா ஓர் அடி நகர்த்தமாட்டார். சனம் மிச்சக் காசு கேட்டால் றெமிஜியஸ், "மிச்சம் இறங்கேக்க" என்பார். இறங்குகிற சனம் மறந்துவிடும். அவர் மறக்கமாட்டார், கூப்பிட்டுக் கொடுப்பார்.

"என்னத்துக்கு நிப்பாட்டினீங்கள்?" என்றா அன்ரனெற்.

"கேக்கேல்லையே உனக்கு?"

"உள்ளுக்கு ஏதோ சட்டி ஆடுது. பேசாமல் ஓடுங்கோ."

இறங்கிப் பார்த்தார். கொழுக்கி சரி. ரயர் சரி. பூட்டு சரி. பத்து நிமிடம் போனது. ஏறி ஓடினார். கொஞ்சத் தூரம்... டங். மறுபடி மழையில் இறங்கினார். இப்படி ஹெர்ஸ்ற்றுக்கு வரும்போது நாலு தடவை. ஹெர்ஸ்ற்றைத் தாண்டி இன்னும் மூன்று.

"பஸ் மாதிரி ஹோல்ற்றுக்கு ஹோல்ற் நிண்டு போறியள். ஆரை ஏத்துறியள், மரத்தையோ?"

எட்டாவது தடவை கரவனின் கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றும் ஆடவில்லை. சட்டியே இல்லை. ஆனால் மணம் வந்தது... கோடாலித் தைலம். கொஞ்சம் முதல் யாரோ நெற்றியில் பூசிய மாதிரி, கண் எரிகிற மணம். றெமிஜியஸின் சட்டைப் பையில் எந்த நேரமும் ஒரு போத்தல் இருக்கும்.

திரும்பி வந்து ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார். மணி இரண்டரை.

"நான் றெமிக்குக் காசு குடுக்கோணும்," என்றார். தொகையையும் சொன்னார்.

அன்ரனெற் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தா. "செத்த வீட்டிலை பேர்ணடெற் என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவள், அவருக்கு ஆரும் காசு குடுக்க இருக்கினமோ எண்டு. நான் ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னனான்."

"இதை வித்துப்போட்டுக் குடுப்பம்."

கியரைப் போட்டார். சக்கரம் ஒரு சுற்று உருளவில்லை.

டங்.

"செத்தும் என்ரை உயிரை எடுக்கிறான்," என்று கதவில் குத்தினார் அன்புராசா. முன்னால் நூற்றைம்பது கிலோமீற்றர், நாலாயிரத்து இருநூறு டொலர். பின்னால் ஹெர்ஸ்ற்... ஃபோன் வேலை செய்கிற இடம். கனதூரம் மெல்ல ஊர்ந்து, மண் பாதை ஒன்று பிரிகிற இடத்தில் கரவனை முன்னும் பின்னும் இழுத்துத் திருப்பினார். திருப்பிய பிறகு ஒரு தட்டும் விழவில்லை.

ஹெர்ஸ்ற்றில் கோடு வந்தது. வங்கியில் இருந்தது ஆயிரத்து முந்நூறு சொச்சம், ஒரு மாத வாடகைக்கும் காணாது. அன்ரனெற்தான் பேர்ணடெற்றுக்கு அனுப்பினா. "நூற்றெண்பத்தேழரை எண்டு சில்லறை என்னத்துக்கு. ஆயிரத்து நூற்றித் தொண்ணூறாய்ப் போடுறன்."

போய்ச் சேர்ந்தது என்று ஃபோன் காட்டியது. அடுத்த மூச்சில்...

டங் டங்.

இந்தத் தடவை அன்ரனெற் சட்டி என்று சொல்லவில்லை.

லோங்லக்கில் போய் நின்றபோது ஏழு மணி. வேட்டைக்காரன் போய்விட்டான். அடுத்த நாள் மர ஆலையில் வேலை செய்கிற ஒருவன் ஆயிரத்துத் தொளாயிரத்துக்குக் கரவனைக் கழற்றிக்கொண்டு போனான். அன்புராசா திரும்பி வரும் வழி முழுக்கத் தூசணத்தால் ஏசிக்கொண்டு வந்தார். அன்ரனெற் தடுக்கவில்லை.

ரொறன்ரோவுக்குள் வர இரவு இரண்டு மணி. வெறும் வான். வெக்ஸ்போர்ட்டில் பேர்ணடெற்றின் மாடிக் கட்டடம் வந்தது. கடந்து போகும்போது...

டங்.

இப்போது வானுக்குள்ளே. இரண்டு பேரின் காதுக்கும் பின்னால்.

நிறுத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் வான் ஒரு பக்கம் மெல்லச் சரிந்து, ஓர் ஆள் இறங்கினால் எழும்புகிற மாதிரி எழும்பியது.

டங் டங்.

வீட்டு வாசலில் வந்து லைற்றைப் போட்டார்கள். பின் சீற்றில் ஓர் இரண்டு டொலர் நாணயக் குற்றியும் இரண்டு கால் டொலர் குற்றியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அன்ரனெற் விரலால் தொட்டா. தைலம் ஒட்டியது.

குற்றிகள் இன்னும் சூடாக இருந்தன.