லிஸ்பெட் பெயரில் ஓடியவை

— எழுது, டோர்கில். 2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. நகராட்சி முதியோர் பராமரிப்புப் பிரிவு. முதியவர்கள் மாத்திரைப் பெட்டியைத் திறக்காவிட்டால் நமக்கு வரும் எச்சரிக்கைச் செய்தி வெள்ளிக்கிழமை மாலை நின்றுபோனது. சனிக்கிழமை காலை, நம் பராமரிப்பில் இருந்த எவால்ட் தம் மாத்திரைப் பெட்டியைத் திறக்கவில்லை. நமக்குத் தகவல் வரவில்லை. மறுநாள் அவருடைய மகள் உல்லா, குளியலறையில் அவர் இறந்துகிடக்கக் கண்டார்.

— நின்னுபோச்சுன்னு மட்டும் போட்டுட்டு விட்டுடலாமே, கூட்ரூன்.

— தானா நிக்குமா? யார் நிறுத்தினாங்கன்னு எழுது.

— யாரும் நிறுத்தலைங்க, அதான் கொடுமை. பழைய சர்வர் கம்ப்யூட்டர் நிலவறையில அது பாட்டுக்கு ஓடிச்சு. யார் பேரும் கேட்கலை. இப்ப மாறின கிளவுட்ல, அதாவது இணையத்துல ஓடுற சர்வர்ல, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் பேரு வேணும். நம்ம ஆபீஸ் லிஸ்பெட்டுக்குத்தான் எல்லாம் தெரியும்னு அவங்க பேர்லயே எல்லாத்தையும் மாத்தினேன்.

— வெள்ளிக்கிழமை லிஸ்பெட் ஓய்வு பெற்றா.

— ஆமா. கேக் வெட்டினோம், மேசையில கொடி வச்சோம், பாட்டு வேற. சாயங்காலமே அவங்க கம்ப்யூட்டர் கணக்கை மூடிட்டேன். அதோட அவங்க பேர்ல ஓடினதெல்லாம் செத்துப்போச்சு.

— ஏன் அவ்வளவு அவசரம்?

— சொன்னா கோவிச்சுக்காதீங்க. போறவங்க கணக்கை அன்னிக்கே மூடணும்னு சுற்றறிக்கை விட்டது நீங்க. திங்கள் வரைக்கும் விட்டுவைக்கட்டுமான்னு கேட்டேன். "ஒழுங்குன்னா ஒழுங்கு"ன்னீங்க.

— ...ஆமாம். அதையும் எழுது. என் பெயர் போட்டு.

— வெளியில உல்லா காபியைத் தொடாம உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட என்ன சொல்றது? தொழில்நுட்பக் கோளாறுன்னு சொன்னா போயிடுவாங்க.

— கோளாறு இல்லை. நான் சொன்ன மாதிரியே எல்லாம் ஒழுங்கா நடந்தது. அந்த மாத்திரைப் பெட்டியை வச்சதாலதான் அவர் வீட்டுக்குத் தினமும் போற தாதியை நிறுத்தினோம். நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு.

— என்னையும் இழுக்கறீங்களே.

— நீ ஓடிப்போறதுக்கு இது பள்ளிக்கூடமா? இப்போ செய்தி வருதா?

— நேத்து ராத்திரியே வேற பேர்ல ஓட விட்டேன். இன்னிக்கு ஒன்பது மணிக்குமேல யார் பெட்டி திறக்கலையோ அவங்களைப் பத்தி நமக்குச் செய்தி வரும்.

— சனி, ஞாயிறு?

— அதையெல்லாம் அது திரும்பிப் பார்க்காதுங்க. ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான்.

— நீ பார்த்தியா?

— நான்... எவால்டோடதை மட்டும்தான் பார்த்தேன்.

— பார், டோர்கில். இப்பவே. மத்தவங்க பெட்டியை.

— ஒரு நிமிஷம்... துறைமுகத் தெருவுல ஒரு வீடு. சனிக்கிழமையும் திறக்கலை, நேத்தும் திறக்கலை. ஐயோ கூட்ரூன், தேவாலயத்துக்குப் பின்னாடி இன்னொண்ணு.

— அங்கே யாராவது போனாங்களா?

— யாரும் போகலை. யாருக்கும் தெரியாதே.

— எழுது. முடிவு: அறிக்கை ஒத்திவைக்கப்படுகிறது. ஆம்புலன்ஸையும் பூட்டுத் திறப்பவரையும் உடனே அழைக்கிறோம். துறைமுகத் தெருவுக்கு நான் செல்கிறேன். மற்ற வீட்டுக்கு டோர்கில். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பது, இதை எழுதும்போது, எங்களுக்குத் தெரியாது.