இரண்டு பீரோவுக்கு ஒரு லாக்கர்

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் புதிதாக புரோகிராம் எழுத மாட்டோம். கண்ணைச் சொக்கும். அந்த ஒரு மணி நேரம் அடுத்தவர் எழுதியதைப் படித்துக் குறை கண்டுபிடிப்பதற்கு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து 'சரி' என்று போட்டால்தான் எதுவும் வெளியே போகும். என் தங்கையின் கணவர் எழுதுவதை நான்தான் படிப்பேன். ஆறு வருடமாக அப்படித்தான்.

அவருக்கு அலுவலகத்தில் 'அடிவரை' என்று பட்டப்பெயர். அது ஏன் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

குழந்தைகள் வார்டில் குழாய் வழியாக மருந்து ஏற்றும் கருவிகளுக்கு நாங்கள் புரோகிராம் செய்தோம். பத்து கிலோவிலிருந்து இருபது கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கு ஒரு மாதிரிப் பதிவு உண்டு. அதற்குள் மருந்துப் பட்டியல், பட்டியலுக்குள் ஒவ்வொரு மருந்தின் அளவு. குழந்தை சேர்ந்ததும் அந்த மாதிரியை நகலெடுத்து அதன் பெயரில் வைப்போம். பிறகு டாக்டர் எடைக்கு ஏற்றபடி அளவை மாற்றுவார். நகலெடுப்பதில்தான் விஷயம். மேலோட்டமாக எடுத்தால் வெளிப்பெட்டி மட்டும் இரண்டாகும், உள்ளே இருப்பது ஒன்றாகவே இருக்கும். இரண்டு பீரோ வாங்கி, இரண்டையும் ஒரே லாக்கருக்குத் திறக்கிற மாதிரி வைத்தது போல. ஒரு குழந்தைக்கு அளவை மாற்றினால் இன்னொரு குழந்தைக்கும் மாறிவிடும். அப்படி ஆகாமல் இருக்க உள்ளே உள்ளே போய், கடைசிப் பெட்டி வரைக்கும் புதிதாக எடுக்க வேண்டும். "அடிவரைக்கும் எடுத்தியா?" என்று எல்லோரையும் கேட்டுக் கேட்டே என் மாப்பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்தது. சாம்பார் வாளியைக் கூட அடிவரைக்கும் கிளறித்தான் ஊற்றுவார் என்று கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. தலை வாரிவிட்டது, பாடம் சொல்லிக் கொடுத்தது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது எல்லாம் நான். எனக்கென்று ஒரு கல்யாணம் தோன்றவே இல்லை. என் நண்பருக்கே அவளைக் கொடுத்தேன். கூப்பிடு தூரத்தில் வீடு பார்த்தும் கொடுத்தேன். அவர்கள் பாப்பாவுக்கு நாலு வயது, என்னைக் கண்டால் ஓடி வரும்.

இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் அவரைக் கடல் தாண்டித் தலைமை அலுவலகத்துக்குக் குடும்பத்தோடு அனுப்புவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். தங்கை ஓடி வந்து சொன்னாள். என்ன அளவில் பெட்டி வாங்கலாம் என்று என்னிடமே கேட்டாள். என் நெஞ்சு உடைந்துவிட்டது. இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் பாப்பாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அவர் அவசரமாகக் கிளம்பினார்.

"மச்சான், கடைசியா ஒரு தடவ பாத்துட்டு என் மிஷின்ல இருந்தே அனுப்பிடு. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

நான் அனுப்பினேன். அனுப்பியதில் இருந்தது மேலோட்டமான நகல் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் 'சரி' போட்டேன். சோதனைகளில் அது மாட்டவில்லை, ஏனென்றால் சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான்.

காலி வார்டில் வெறும் தண்ணீரை வைத்து இரண்டு வாரம் ஒத்திகை நடக்க வேண்டும். அங்கே தப்பு வெளியே வரும், நாலு பேர் சிரிப்பார்கள், பயணம் ஒரு வருடம் தள்ளிப்போகும். நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் காய்ச்சல் பரவி வார்டு நிரம்பியதால் ஒத்திகையை விட்டுவிட்டு நேராகக் குழந்தைகளுக்கே பொருத்திவிட்டார்கள். அது செவ்வாய்க்கிழமை காலையே என் காதுக்கு வந்தது. மூன்று நாள் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். போட்டால் கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள், அவரும் கிளம்பிவிடுவார். ஒரே எடைப் பிரிவில், ஒரே மருந்தில், ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகள் வருவது அபூர்வம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தொன்பது கிலோ குழந்தை ஒன்றுக்கு டாக்டர் அளவை ஏற்றினார். நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்த பதினோரு கிலோ குழந்தையின் கருவியும் சொன்னபடி கேட்டது. அவளுக்கு இரண்டரை வயது. மதியம் தாண்டவில்லை.

மேனேஜரோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தத் தாய் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊசின்னா அழுவா. அதான் குழாய்லயே ஏத்துங்கன்னு நான்தான் கெஞ்சினேன். நான் கேக்காம இருந்திருக்கலாம்."

உங்கள் மேல் தப்பில்லை அம்மா என்றேன். அது உண்மை என்று அங்கே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மாப்பிள்ளை அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "இத நான் எழுதுவேனா மச்சான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதியிருக்கேனே. என் பேர்லதான இருக்கு" என்றார். தன்னை நம்பாமல் மிஷினை நம்பிவிட்டார். உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து தானே ஒப்புக்கொண்டார். சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். உன்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்றார்.

தங்கை பாப்பாவோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்குச் சாப்பாடு போடுவாள், கூட உட்கார மாட்டாள். ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அண்ணா, நீயும் படிச்சுப் பாத்துதான சரின்னு போட்ட? உன் கண்ணுலயும் படலையா?"

"படலம்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அன்றுதான் நான் அழுதேன்.

போன வாரம் சிறைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். அவருக்குத் தண்டனை முடியும் வரை அங்கேதான் இருக்கப் போகிறாளாம். சாமான்களைக் கட்டிவிட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அவர் எழுதியதில் தப்பே இல்லை. அடிவரைக்கும் எடுக்கும்படிதான் எழுதியிருந்தார். அவர் கிளம்பிய பிறகு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வரியை அழித்து இந்த வரியை அடித்தவன் நான். மாற்றிய நேரம் மிஷினில் இருக்கிறது. அதே நேரத்தில் பள்ளி வாசல் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவரை விட்டுவிடுங்கள்.

தங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவரை வெளியே கொண்டுவந்ததும் அண்ணன்தான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சிறையில் என்னைப் பார்க்க வரக்கூடியவர்களின் பட்டியல் கேட்பீர்கள், அவள் பெயரை மட்டும் இப்போதே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முதல் வாரம் வர மாட்டாள், கோபம் இருக்கும். இரண்டாவது வாரம் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.