தீ வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை

சருகு எரிக்க நல்ல நேரம் காலை எட்டு மணி. பனியீரம் காய்ந்திருக்கும், கடல்காற்று எழும்பியிருக்காது, புகை நேராக மேலே போகும். தீயணைப்பு நிலையத்தில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் மலையாளத்தில் கேட்டீர்கள். தமிழில்தான் எனக்குக் கோர்வையாக வரும் என்பதால் எழுதியே தருகிறேன்.

என் பெயர் யோசுவா. செங்கல் என்கிற ஊர்ப் பக்கம், வீடும் தோட்டமுமாக அரை ஏக்கர் புரையிடம். கிழக்கு வேலிக்கு அப்பால் ஜெயதாஸின் வீடு. அவனும் நானும் ஒரே சபை, பள்ளியில் ஒரே பெஞ்சு. அவனுடைய அயனிப்பலா மரத்துக்கு வேர் மட்டும்தான் அவன் பக்கம். இலை, சுள்ளி, அழுகின பழம் எல்லாம் என் முற்றத்தில். பெருக்கிப் பெருக்கி என் மனைவி விமலாவுக்கு இடுப்பு போயிற்று. பெருக்கியதை எரித்தால் புகை என்று பஞ்சாயத்துக்குப் போன் பண்ணுவது அவன். அவனுக்கு இழுப்பு நோய் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மரம் அவனுடையது, சார்.

மட்கி உரமாகட்டும் என்று ஒரு மூலையில் குவித்துப் பார்த்தேன். குவியலில் அணலிப் பாம்பு, கண்ணாடிவிரியன், குடிவந்தது. துணி காயப்போடப் போன விமலா அதை மிதிக்காமல் தப்பியது கடவுள் கிருபை. ஜெயதாஸிடம் போய் மரத்தை வெட்டு என்றேன். அப்பா வைத்த மரம் என்றான். எரிக்கட்டுமா என்றேன். மூச்சு முட்டும் என்றான். பிறகு நான் என்னதான் செய்ய என்று கேட்டதற்கு, அது உன் காரியம் என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான்.

போதகர் நடுவில் நின்று ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார். எரிக்கிற நாளை நான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்றைக்கு அவன் தனுவச்சபுரத்தில் மகள் பின்சி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் சொன்னபடி நடந்தேன். முதல் தடவை அவனுக்குக் காய்ச்சல், போகவில்லை. இரண்டாம் தடவை போனவன், மருந்தை மறந்துவிட்டேன் என்று பத்து மணிக்கே ஆட்டோவில் திரும்பி வந்தான். பாதி எரிந்த குவியலில் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். பாதி எரிந்து நனைந்த சருகைக் கையால் அள்ளியிருக்கிறீர்களா? எனக்கு வெறுத்துப்போயிற்று. நியாயமாக நடப்பவனுக்குத்தான் இந்த ஊரில் எல்லாப் பாடும்.

இந்த மாசியில் காடு வெட்ட ஆரியங்கோட்டிலிருந்து தீபுவை அழைத்தேன். நாற்பது வயது, நல்ல வேலைக்காரன். கம்யூனிஸ்ட் பச்சைக் களையையும் தொட்டாவாடி முள்ளையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளினான். என் இடத்தின் ஓரமாக ஓடை போகும் தோட்டுக்கரையில் நின்ற ஒரு மரத்தை மட்டும் விட்டுவிட்டான்.

"அண்ணா, அது சேரு மரமாக்கும். அத நான் தொடமாட்டேன். பாலு பட்டா மேலெல்லாம் பொங்கிப்போவும். பொகை அதவிட மோசம்."

பட்டுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தான்னி மரத்தை, அதுதான் தான்றி, சுற்றிவந்து, யாரை விடவேண்டுமோ அவர்கள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் சேரு விட்டுவிடும் என்றான். நான் சிரித்தேன். சபைக்காரர்களுக்கு மரமும் இல்லை, சுற்றுவதும் இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெயதாஸிடம் வியாழக்கிழமை எரிக்கப்போகிறேன் என்று சொன்னேன். போதகரும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு புதன்கிழமையே வானம் தெளிவாக இருந்தது. நல்ல நாளைக் கைவிடுவானேன் என்று தோன்றியது.

காலையில் வேறு வேலைகள் இருந்தன. தீ வைக்கும்போது மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகும் என்பது உண்மைதான். ஆனால் மற்ற எல்லாம் முறைப்படி. குவியலைச் சுற்றி ஆறடிக்கு மண் தெரியப் புல்லைச் செத்தி எடுத்திருந்தேன். அந்த வட்டத்தை நனைத்தேன். ஹோஸ் குழாய், இரண்டு வாளி, மண்வெட்டி, அடித்து அணைக்கப் பச்சைக் கொம்பு, எல்லாம் கையெட்டும் தூரத்தில். பிளாஸ்டிக் ஒரு துண்டு இல்லை. எங்கள் வீட்டு ஜன்னல்களைச் சாத்தி, விமலாவை மேற்குப் பக்க அறையில் இருக்கச் சொன்னேன்.

ஜெயதாஸ் சோறு உண்டுவிட்டு வேலியோரத்து அறையில் தூங்குவான். ஜன்னல் திறந்திருந்தது. முதலில் இருமல் கேட்டது. அப்புறம் ஜன்னல் கம்பியில் அவன் கை தெரிந்தது.

"எலே யோசுவா, தண்ணி ஊத்துலே. மூச்சு கிட்டல்ல மக்கா."

மக்கா என்று அவன் என்னைக் கூப்பிட்டுப் பல வருஷமாயிற்று. ஆனால் கொழுந்துவிட்டு எரியும் சருகில் தண்ணீர் ஊற்றினால் புகை இரட்டிக்கும். ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாமே என்று பின்சி கேட்டாள். தீ வைத்தவன் தீயை விட்டு நகரக்கூடாது. அது முதல் பாடம். நான்கு மணிக்குச் சாம்பலைக் கிளறி, நனைத்து, கையை வைத்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்போது கம்பியில் கை இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். முகமும் தொண்டைக்குழியும் பொங்கி அடைத்துவிட்டதாம். என்ன எரித்தார்கள் என்று டாக்டர் கேட்க, பார்க்கப் போயிருந்த தீபு சேரு என்று சொல்லியிருக்கிறான். தோட்டுக்கரையில் இப்போது அந்த மரத்தின் அடிக்குற்றி மட்டும் நிற்கிறது என்றும் சொல்லியிருக்கிறான்.

அது தெரியாமல் குவியலில் சேர்ந்துவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அப்படியே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்தவன் தெரியாமல் செய்தேன் என்று எழுத மனம் வரவில்லை. திங்கட்கிழமை, கையில் தேங்காயெண்ணெய் தேய்த்து, முழுக்கைச் சட்டை போட்டு, அதை வெட்டியது நான். பச்சையாகவே துண்டுபோட்டு, குவியலின் நடுவில் வைத்து, மேலே அவனுடைய அயனிச் சருகைப் போட்டேன். தீ வட்டத்தை விட்டு ஒரு சாண் வெளியே போகவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் கையைப் பாருங்கள், ஒரு கொப்புளம் இல்லை. எண்ணெயின் குணம் என்று டாக்டர் சொல்வார். தீ வைப்பதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை அந்திக்கு, சபைக்காரர்கள் யாரும் வராத வழியாக ஆற்றங்கரைக்குப் போய், அங்கே நிற்கும் தான்னியை ஏழு முறை சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என் பெயரையும் விமலாவின் பெயரையும் மட்டும்தான் சொன்னேன்.