ஏழு தலை டிராகனுக்கு ஆறு தலை

அவைத் தலைமையேற்றிருக்கும் நகரத் தலைவி அம்மையார் அவர்களே! வெள்ளி மீசையில் வெயில் விளையாட வீற்றிருக்கும் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பொரித்த லாங்கோஷ் ரொட்டியுமாக நிற்கும் தாய்மார்களே! என்னிடம் கணக்குப் படித்தும் பிழைத்துக்கொண்டவர்களே! உங்கள் அனைவருக்கும் நம் ஷார்லிகெத் மண்ணின் வணக்கம்.

டெப்ரெட்ஸென் நகரத்திலிருந்து வந்த சிறுமி ஒருத்தி ஒருமுறை என்னைக் கேட்டாள்: "சார், பலகையில ஏழு தலை டிராகன்னு போட்டிருக்கு. கழுத்து மேல ஆறுதானே இருக்கு? உங்க ஊர்ல யாருக்கும் எண்ணத் தெரியாதா?"

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! கணக்கு வாத்தியாரிடமா இந்தக் கேள்வி?

நம் பூங்காவில் பிள்ளைகள் விளையாடக் கதைவனம் எழுந்த வசந்தத்தில், பற்றவைப்புக்காரர் ஜெனோ டிராகனுக்கு இரும்பில் ஏழு கழுத்துகளை நிறுத்தினார். ஆறு தலைகள் ஏறின. ஏழாவது தலையில் வண்ணம் காய்வதற்குள், அது ஏற வேண்டிய கழுத்தின் உச்சியில் நாரை கூடு கட்டிவிட்டது! நாரைக் கூட்டைக் கலைக்கும் கை நம் ஊரில் உண்டா?

இல்லை என்கிறீர்கள். இல்லவே இல்லை! குளிருக்கு நாரை தெற்கே போனது. "திரும்பி வந்து வீட்டைத் தேடாதா?" என்றது ஊர். தலை பட்டறையிலேயே படுத்தது. ஆண்டுகள் பறந்தன, நாரைகள் பறந்தன, ஜெனோ மீதான கேலி மட்டும் பறக்கவில்லை!

அப்போதுதான் பூங்காவின் புதிய மேலாளராக ஒர்மோஷ் வந்தார். "இந்த வசந்தத்துக்குள்ள தலை ஏறணும். இல்லேன்னா கதைவனத்தையே இடிச்சிட்டு, கார் ஓட்டி விளையாடத் தளம் போட்டுடுவேன்" என்றார்.

கிரேன் வந்தது. தலையைக் கொண்டுவந்து கதைவனத்து வாசலில் இறக்கியது. கூட்டை அகற்ற ஜெனோ ஏணியில் ஏறினார். ஊரே அண்ணாந்து நின்றது. ஏறியவர் எட்டிப் பார்த்தார், வெறுங்கையோடு இறங்கினார்.

"முடியாது சார். தொலைஞ்சுபோன என் கம்பளிக் கையுறையை அது குஞ்சுக்கு மெத்தையாப் போட்டு வச்சிருக்கு."

"அப்ப இடிச்சிட வேண்டியதுதான்" என்றார் ஒர்மோஷ்.

லாங்கோஷ் கடை பொர்பாலா அம்மாதான் வாய் திறந்தார்: "அடேய் ஜெனோ, நீ செஞ்ச தலை நாக்கைத் தள்ளிக்கிட்டுக் கெடக்கறதப் பாரு. எவனோ வெட்டிப் போட்ட மாதிரியே இருக்குடா!"

ஜெனோ திரும்பிப் பார்த்தார். "வெட்டினதுதான்க்கா! ஒண்ணு விழுந்தாச்சு, ஆறு பாக்கி. ராஜகுமாரன் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டிருக்கான்!"

ஒர்மோஷ் மேலே எண்ணினார், ஆறு. கீழே எண்ணினார், ஒன்று. மறுபடியும் எண்ணினார். "சரிய்யா... கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று சிரித்தே விட்டார்! அன்று முதல் அந்தத் தலை வாயைத் திறந்தபடி வாசலிலேயே கிடக்கிறது.

தோழர்களே! முழுமையான டிராகன் எந்த ஊரிலும் நிற்கும். சண்டை நடந்துகொண்டிருக்கும் டிராகன் எங்கே நிற்கிறது? இங்கே நிற்கிறது! வெட்டுண்ட தலையின் வாய்க்குள் நுழைந்து நம் பிள்ளைகள் கதைக்குள் போவது எங்கே? இங்கே! நாரைக்கு இடம்கொடுத்த ஊர் எது? நம் ஊர்! ஒரு குறையை இடிக்காமல், அதற்கு ஒரு கதை சொல்லிக் காப்பாற்றிய ஊர், நம் ஊர்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். இன்று இரவு உங்கள் பிள்ளைக்கு ஒரு கதை சொல்லுங்கள், பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிள்ளையையே கேளுங்கள்.