பேச்சு நிறுத்தம்

எங்கள் பள்ளியில் பிரம்பு கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். தலைமையாசிரியர் என்று எனக்குத் தனி நாற்காலிகூடக் கிடையாது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். தப்பு நடந்தால் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் சபை கூடும். விசாரணையும் தீர்ப்பும் அவர்களுடையவை.

சபையின் பெரிய தண்டனை பேச்சு நிறுத்தம். தப்பை ஒப்புக்கொள்ளும்வரை அந்தப் பிள்ளையோடு யாரும் பேசக்கூடாது. ஒப்புக்கொண்டால் எல்லோரும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். டவுனிலிருந்து வந்து போகிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பேசுவதற்கு வீடு இருக்கிறது. விடுதிப் பிள்ளைகளுக்கு இல்லை. அதனால் அவர்கள் சீக்கிரம் வழிக்கு வருவார்கள்.

ஜாஹிரா விடுதிப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருக்கிற மொய்னுதீனின் மகள். "அடிக்காத ஸ்கூலுனுதாங்க இங்க சேக்குறேன். டாக்டராவணும்னு ஆசைப்படுறா" என்று சொல்லி விட்டுப் போனார்.

மெட்ராஸ் டிரஸ்டி வாங்கித் தந்த மைக்ராஸ்கோப் ஒருநாள் உடைந்து கிடந்தது. அப்போது ஆய்வகத்தில் இருந்த மாணவி ஜாஹிரா மட்டும்தான். சபையில் எழுந்து, "சார் கை பட்டுத்தான் வுழுந்துச்சு, நான் பாத்தேன்" என்றாள். நான் கோபப்படவில்லை. தலைமையாசிரியர் பொய்யர் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டால் பள்ளி எப்படி நடக்கும்? சிரித்துக்கொண்டே, "நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன். எல்லாக் கைகளும் அவளுக்கு எதிராகத்தான் உயர்ந்தன. அவளோடு ஒரே அறையில் இருந்த உண்ணாமலைகூட அழுதுகொண்டே கை தூக்கினாள்.

ஜாஹிரா அழுத்தக்காரி. வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தாள். "சுவத்தப் பாத்துப் பேசிக்கினு இருக்கா சார், பாவம், விட்டுடலாம்" என்றார் வார்டன் ஜோதியம்மாள். சபையின் தீர்ப்பை நான் எப்படி மாற்றுவது என்றேன்.

பௌர்ணமியன்று ஜோதியம்மாள் லீவு. மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள் ஜாஹிரா. "வலி தாங்கல சார்." நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. விடுதியில் ஒவ்வொருத்தியாகக் கேட்டுப் பார்த்தாளாம். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நன்றாகத்தான் பழக்கியிருந்தேன். பொழுது சாயும்போது மறுபடி வந்தாள். நிற்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் சார் ஒடச்சேன். பொய் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க சார்."

உடனே பேசினேன். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. குடல்வால் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். விடிவதற்குள் போய்விட்டாள். அவள் பேரில் பள்ளியில் ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். ஒரு பிள்ளைகூட இருமவில்லை.

நான் ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். ஏட்டும் வாய் திறக்கவில்லை. நான் ஒருவனே எவ்வளவு நேரம் பேசுவது? மனுஷனிடம் இப்படியா நடந்துகொள்வது, சார்?

சரி. மைக்ராஸ்கோப்பை உடைத்தது நான்தான். இப்போதாவது ஒரு வார்த்தை பேசுங்கள்.