மணல் மேல் படலம்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மீனைத்தான் கவனிக்கிறார்கள். தண்ணீரைக் கவனித்தால் போதும், மீன் தன்னைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் சுகாதார அதிகாரி, உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் தங்கை தங்கம்மாள் வீட்டுக்குக் காலரா எப்படி வந்தது என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். வடிகட்டியிலிருந்து தொடங்கினால்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

கிருஷ்ணப்பன் பாலக்கோட்டில் மலேரியா இன்ஸ்பெக்டர். கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன்களைக் கிணறுகளில் விடுவது அவர் வேலை. எங்கள் கிணற்றிலும் விட வந்தார். நான் சென்னையில் விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா அதை அவரிடம் சொல்லியிருப்பார் போலும். கதவுக்குப் பின்னால் நின்ற என்னிடம், தம் வீட்டு மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி நல்லது என்று கேட்டார்.

"புத்தகத்துல காத்து மோட்டார் போட்டிருக்குதுங்க. நம்மூர்ல கரண்டுக்கு எங்கிங்க போறது?"

துணி தூசியை மட்டும் பிடிக்கும். கரி நாற்றத்தை எடுக்கும், ஆனால் சீக்கிரம் வீணாகிவிடும். மணல் பானைதான் சரி என்றேன். மேல் பானையில் மணல், அதன் அடியில் கூழாங்கல். சொட்டும் நீரைக் கீழ்ப்பானை ஏந்தும். அதைத் தொட்டியிலும் ஊற்றலாம், குடிக்கவும் செய்யலாம். சில வாரங்களில் மணல் மேல் வழவழப்பாக ஒரு படலம் படியும். பார்க்க அழுக்குப் போல இருக்கும். கிருமிகளைப் பிடிப்பது அதுதான், மணல் அதைத் தாங்கும் தரை மட்டுமே. ஒரே ஆற்று நீரைக் குடித்த இரண்டு ஊர்களில், மணலில் வடிகட்டிக் குடித்த ஊர் காலராவிலிருந்து தப்பியது என்று வகுப்பில் படித்திருந்தோம். அதையும் சொன்னேன். ஓர் ஆணிடம் நான் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"நீங்க சொன்னா சரிதானுங்க" என்றார்.

பிறகும் வந்தார். ஆற்று மணலில் எது நல்லது என்று கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து காட்டினார். அவர் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர்கள் கேட்டது என் தங்கை தங்கத்தை.

"அவ்வளவு படிச்ச புள்ள எங்க வூட்டுல வந்து சாணி அள்ளுமா?" என்று அவர் அம்மா சிரித்தார். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. கூச்சம் என்று புரிந்துகொண்டேன். எனக்கும் அது உண்டு. மூத்தவள் இருக்கும்போது இளையவளையா என்று அப்பா தயங்கினார். நான்தான் சரி என்றேன்.

தங்கம் கெட்டவள் இல்லை. ஆறாம் மாதம் ஆகியும் அவளுக்குக் குமட்டல் நிற்கவில்லை என்று என்னைத் துணைக்கு அழைத்தார்கள். அந்த வீட்டில் என் வடிகட்டி முக்காலி மேல் இருந்தது. படலம் கலையாதபடி, மணல் மேல் ஒரு கொட்டாங்கச்சியை வைத்து அதில் அவர் மெல்ல நீர் வார்ப்பார். நான் சொன்னபடியே.

"ஏனுங்க, அந்தப் பானைக்குக் காட்டற கரிசனத்துல பாதி எனக்குக் காட்டுனா என்னாங்க?" என்பாள் தங்கம். அவர் சிரிப்பார். "எங்க அக்கா மனுசங்ககிட்டப் பேசாது, மீனுங்ககிட்டதான் பேசும்" என்பாள். அதற்கும் அவர் சிரிப்பார். ஒருநாள் அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியிலும் அவர்கள்தான் தெரிந்தார்கள்.

காரிமங்கலம் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்குக் காலரா கண்டது. நாங்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். கர்ப்பிணி என்பதால் தங்கத்துக்கு மட்டும் தள்ளிப்போட்டார்கள். அரூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்கு மருந்து போட அவரை அனுப்பினார்கள். புறப்படும்போது, "தங்கத்தப் பாத்துக்குங்க. பானை இருக்குது, நீங்க இருக்கறீங்க, எனக்குப் பயமில்லீங்க" என்றார். அவருடைய எந்தப் பேச்சும் தங்கத்தில்தான் தொடங்கியது.

மறுநாள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி தெருவில் தண்டோரா போட்டார்கள்.

"காய்ச்சுன தண்ணி பொகை நாத்தம் அடிக்குதுக்கா" என்றாள் தங்கம். "இந்தத் தண்ணியில மீனு நல்லாத்தானே நீந்துது?"

"நல்லாத்தான் நீந்துது."

பொய் இல்லை. மீன் பிழைத்திருந்தால் தண்ணீர் நல்லது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அந்த மீன் சாக்கடையிலும் நன்றாகவே நீந்தும்.

"மேல இருக்கற பாசியப் பாத்தாத்தான் வயித்தப் பொரட்டுது. கழுவிப் போட்டா என்னாக்கா?"

கழுவலாம் என்றேன். வயிற்றுப் பிள்ளையோடு குனிய வேண்டாம் என்று நானே செய்தேன். மணலைக் கொல்லைக்கு எடுத்துப்போய்த் தேய்த்து அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்ப இட்டேன். தெருக்கிணற்றில் நீர் இறைத்து ஊற்றினேன். வாந்திபேதி கண்ட ஒரு வீட்டார் அந்தக் கிணற்றடியில் துணி அலசுவதைக் காலையில் பார்த்திருந்தேன். கோயில் கிணறு கொஞ்சம் தூரம்.

"இப்பத்தான் பானை பானையாட்டம் இருக்குது" என்று தங்கம் ஒரு செம்பு குடித்தாள். நான் காபி குடித்தேன்.

நோய் கண்ட அன்று பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள். குழந்தையும்தான். அவர் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

மனைவி இறந்தால் அவள் உடன்பிறந்தவளைக் கட்டுவது எங்களில் வழக்கம். பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். நான் எதுவும் கேட்கவில்லை, காத்திருந்தேன். ஆனால் அவர் கடப்பாரையை எடுத்துப் பானைகளை உடைத்தார். "படிச்சவங்க சொன்னாங்களேன்னு இத நம்புனேன். நீங்க படிச்ச படிப்பு இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

வடிகட்டி உதவாதது என்று நீங்களும் நினைப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே தேடி வந்தேன். அந்தப் படலம் இருந்திருந்தால் தங்கம் அநேகமாகப் பிழைத்திருப்பாள். கழுவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கழுவினேன். அவரிடம் இதை என் வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சொல்லிவிடுங்கள். நான் அவருக்குத் தவறான யோசனை சொல்லவில்லை என்று தெரிந்தால் அவருடைய கோபம் தணிந்துவிடும்.